பவுனு குளிக்க வந்த கதை

பொன்செல்வி தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. கறுத்த முகத்தை வெளுப்பாக்கச் சொல்வார்கள். கூடவே நிற்கிற மாமாவை மட்டும் படத்திலிருந்து தூக்கிவிடச் சொல்வார்கள். ஒன்றும் கேட்காமல் செய்வாள். ஆள் வராத நேரத்தில் பழைய தாளின் முதுகில் பென்சிலால் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். கடைக்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

அப்படி வரைந்த ஒன்றைத்தான் ஸ்ரீவித்யா பார்த்தாள். அவள் குற்றாலம் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பள்ளியை நடத்துகிற விஸ்வநாதன் அவளுக்குப் பெரியப்பா. இலத்தூர்ப் பக்கம் அவர்களுக்கு வயல் உண்டு, கோயிலில் மரியாதை உண்டு. ஆண்டு விழாவுக்கு பேனர் சொல்ல வந்தவள், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பூனை மீன்கடையில் பேரம் பேசுகிற படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது நீங்க வரைஞ்சதா?"

"சும்மா கிறுக்குனது டீச்சர்."

"எங்கிட்ட ஒரு கதை இருக்கு. படம் போட ஆள் கெடைக்காம ரெண்டு வருஷமா பீரோல கெடக்கு."

அந்தக் கதையை அவள் கடையில் நின்றபடியே சொன்னாள். ஐந்தருவியில் சீசன். ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டுகிறது. ஐந்து மிருகங்கள் ஆளுக்கு ஒரு கிளையைப் பிடித்துக்கொள்கின்றன. யானை எண்ணெய் மசாஜுக்குப் படுத்திருக்கிறது. மசாஜ்காரர் ஏணி வைத்து ஏறித் தேய்க்கிறார். வியாழக்கிழமை தலையில் ஆரம்பித்தவர் ஞாயிற்றுக்கிழமைதான் வால் பக்கம் வந்து சேருகிறார். குரங்கு சோப்பைப் பஜ்ஜி என்று நினைத்துத் தின்றுவிட்டு, வாயைத் திறக்கும்போதெல்லாம் குமிழ் விடுகிறது. மயில் தோகை நனைந்து விளக்குமாறு மாதிரி நிற்கிறது. நாய் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, வரிசையே இல்லாத இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறது. பூனை குடை பிடித்துக்கொண்டு அருவிக்கு அடியில் நிற்கிறது. ஒரு சொட்டுக்கூட நனையாமல் வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, "நல்ல குளியல்" என்கிறது.

அப்போது ஆறாவதாக ஒருவர் குளிக்க வருகிறார். இது எங்கள் அருவி, இங்கே இடமில்லை என்று ஐந்து பேரும் விரட்டுகிறார்கள். வந்தவர் கீழே இறங்கி, ஐந்து கிளைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து ஓடுகிற பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறார். மேலே இருப்பவர்கள் தவறவிட்ட சோப்பும் துண்டும் குடையும் விசிலும் அவரிடம்தான் மிதந்து வருகின்றன. ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு இறங்கி வருகிறார்கள். கடைசியில் ஆறு பேரும் ஒரே பள்ளத்தில் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுகிறார்கள்.

ஸ்ரீவித்யா எழுதியிருந்த கதையில் அந்த ஆறாவது ஆள் கரடி. பொன்செல்வி கரடியை எத்தனையோ விதமாக வரைந்து பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை போன போக்கில் வரைந்தபோது தாளில் ஒரு பன்றி வந்து நின்றது. அக்குளில் சோப்பு டப்பாவை இடுக்கிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, விருந்துக்கு வந்த வீட்டில் செருப்பைக் கழற்றுகிறவள் மாதிரி வெட்கத்தோடு சிரிக்கிற பெண்பன்றி. பொன்செல்வி அதைக் கசக்கிப் போடப் போனாள். அதற்குள் ஸ்ரீவித்யா வந்து தாளைப் பிடுங்கிவிட்டாள். பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பொன்னு, இவதான். இவளத்தான் நான் தேடிட்டு இருந்தேன். பேர் என்ன வைப்போம்?"

"பவுனு" என்றாள் பொன்செல்வி, யோசிக்காமல்.

அங்கேயே கதையைத் திருத்தி எழுதினார்கள். நாய் விசில் ஊதி, "நீ அழுக்கு, இங்க குளிக்கக் கூடாது" என்கிறது. பவுனு நின்று நிதானமாகக் கேட்கிறது: "அழுக்கா இருக்கவங்கதானே குளிக்க வரணும்? நீங்கள்லாம் எதுக்கு வந்தீங்க?"

பொன்செல்வி அதற்கு முன்னால் ஒரு பன்றியை வரைந்ததே கிடையாது. சுரண்டைக்கு வெளியே, குளத்துக்கரையில் அவள் பிறந்த தெருவில் எல்லா வீட்டிலும் பன்றி வளர்த்தார்கள். அவள் அம்மா முருகம்மாள் வளர்த்த பன்றிதான் அவளைப் படிக்க வைத்தது. பள்ளிக்கூடத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனாலும் பிடிப்பார்கள். பிளஸ் டூ வந்தபோது அழுது அடம்பிடித்து அம்மாவை எல்லாப் பன்றிகளையும் விற்க வைத்தாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு, அந்தத் தெருவின் பெயரைக்கூட அவள் யாரிடமும் சொல்வதில்லை. கணவன் பிரின்ஸ் புனலூருக்கு லாரி ஓட்டுகிறான். மகள் ஜாய் மூன்றாம் வகுப்பு. முருகம்மாளும் இப்போது அவர்களோடுதான் இருக்கிறாள்.

ஒரு வருடம் அந்தப் புத்தகத்தோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவித்யா ஸ்கூட்டியில் வந்து பொன்செல்வியைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவாள். ஒருத்தி பாறையைப் பார்த்து வரைவாள், ஒருத்தி வரிகளை வாய்விட்டுப் படிப்பாள். பஜ்ஜிக்கடைக்காரர்கள் இவர்கள் சிரிப்பதைப் பார்த்து அக்காதங்கச்சியா என்று கேட்பார்கள். "என்னைய வித்யான்னே கூப்பிடு" என்று ஸ்ரீவித்யா எத்தனையோ தரம் சொன்னாள். பொன்செல்விக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளுக்கு முப்பத்து நாலு வயதில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். ஜாய் ஒவ்வொரு படத்தையும் முதலில் பார்ப்பாள். பவுனு பேசுகிற வரியைச் சொல்லிச் சொல்லிக் காட்டி வீட்டைச் சுற்றி ஓடுவாள்.

படங்கள் முடிந்ததும் ஸ்ரீவித்யா எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினாள். விஸ்வநாதன் இருவரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்.

"உக்காரும்மா" என்றார் பொன்செல்வியிடம். "ராத்திரி படிச்சேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுட்டு. அந்தப் பூனை இருக்கே, எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படியேதான். நம்ம பள்ளிக்கூடமே இத அச்சடிக்கட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒண்ணு ஒண்ணு குடுப்போம். சீசன்ல விழா வச்சு வெளியிடுவோம்."

பொன்செல்வி கையிரண்டையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் அவர். "அந்தப் பன்னி. பிள்ளைக புக்குல, அதுவும் அட்டைலயே வேண்டாம்னு நெனைக்கேன். பெத்தவங்க நாலு விதமா இருப்பாங்க. வீட்டுல சாமி அறைல கொண்டு வச்சிருவாங்க சில பேரு. நீங்க முயல் போடுங்க. வெள்ள வெளேர்னு அழகா இருக்கும். பிள்ளைகளுக்கும் புடிக்கும்."

பொன்செல்வி ஸ்ரீவித்யாவைப் பார்த்தாள். ஸ்ரீவித்யா மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "பெரியப்பா சொல்லுததுலயும் ஒரு நியாயம் இருக்கு பொன்னு."

"முயல யாரு டீச்சர் வேண்டாம்னு சொல்லுவா? அத எதுக்கு அஞ்சு பேரும் வெரட்டணும்?"

"சின்னப் பிள்ளைக அவ்வளவு யோசிக்காது."

"அழுக்கா இருக்கவங்கதானே குளிக்கணும்னு முயல் எப்படிச் சொல்லும்?"

"அந்த வரிய மாத்திக்கலாம்." வண்டி கிளம்பியது.

பொன்செல்வி சில நாட்கள் பதில் சொல்லாமல் இருந்தாள். பிறகு, விஷயம் தெரியாததால்தான் வித்யா டீச்சர் இப்படிப் பேசுகிறாள், தெரிந்தால் பேச மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றிற்று. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். பிரின்ஸிடம்கூட அவள் முழுசாகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனார்கள். மே மாதம். பாறையில் தண்ணீர் நூல்மாதிரி இறங்கியது. கடைகள் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்ததும் பொன்செல்வி ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்று பயந்தவள் மாதிரி வேகமாகச் சொன்னாள்.

"எங்கம்மா பன்னி வளத்தவ டீச்சர். எங்க தெருவே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல ஒரு பிள்ளையும் உக்காராது. பவுனு அந்த நாய்கிட்ட கேக்குதுல்லா, அது நான் அன்னைக்குக் கேக்க நெனச்சது. கேக்கத் தெரியல. அத எடுத்துட்டு முயலப் போடுன்னா நான் எப்படிப் போடுவேன்?"

ஸ்ரீவித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் பொன்னு" என்றாள்.

"எப்படி?"

"நாம சேந்து புக்கு போடுதோம்னு சொன்னப்பவே பெரியப்பா விசாரிச்சாங்க. புக்குல பேர் வருதுல்லா. யாரு, எந்த ஊரு, என்னன்னு சுரண்டைல ஆள் விட்டுக் கேட்டிருக்காங்க."

பொன்செல்வி கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"உனக்காகத்தான் சொல்லுதாங்க" என்றாள் ஸ்ரீவித்யா. "நாளைக்கு யாராவது ஒருத்தர் கேப்பாங்க, படம் போட்டது யாருன்னு. தெரிஞ்சதும், அவ வீட்டுல இருந்ததயே கொண்டு வந்து போட்டுட்டாம்பாங்க. எல்லாரும் பவுனப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க, உன்னப் பாத்துச் சிரிப்பாங்க. அது உனக்கு வேணுமா? ஜாய்க்கு வேணுமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. பொன்செல்வி அந்த முகத்தையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எழுந்து போயிருக்கலாம். இவ்வளவு பிரியத்தோடு சொல்கிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்துகொண்டே இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, கூசிப்போவதா என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். பேத்தி சொல்லிக்கொண்டு ஓடுகிற வரி ஒரு பன்றி பேசுவது என்பதே முருகம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பன்னியவா போட்ட?" என்றாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நான் கண்டவங்க கால்ல விழுந்து அதுகள வித்தது எதுக்கு? அந்தப் பெரிய மனுசன் நல்ல புத்தியாத்தான் சொல்லியிருக்காரு. எடுத்துரு."

"நீதானம்மா அதுகளுக்குப் பேர் வச்சுக் கூப்பிடுவ."

"கூப்பிட்டேன். அதுக்கு? ஊருக்கெல்லாம் காட்டவா கூப்பிட்டேன்?" முருகம்மாள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "ஒம் மவளாவது நிம்மதியா இருக்கட்டும்."

மறுநாள் பொன்செல்வி ஸ்ரீவித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: என்னால் முயல் போட முடியாது டீச்சர், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு சிவப்பு இதயமும், 'புரியுது பொன்னு' என்று இரண்டு வார்த்தையும் வந்தன. புத்தகம் அதோடு நின்றுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுவே போதும் என்றும் நினைத்தாள்.

சாரல் ஆரம்பித்து, தென்காசியில் வெளியூர் கார்கள் நெரியத் தொடங்கியபோது, ஒரு காலையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஒன் புக்கு வெளியீடாம்லா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பேனர் ஆர்டர் நம்ம கடைக்கே வந்திருக்கு. நீயே போட்டுரு."

பைலைத் திறந்தாள். அவள் வரைந்த அருவி. அவள் வரைந்த யானை, குரங்கு, மயில், நாய், பூனை. நடுவில் ஒரு வெள்ளை முயல். பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார். பிளாஸ்டிக் பொம்மைபோல் பளபளவென்று, யாரையும் பார்க்காமல் சிரித்தது. சோப்பு டப்பாவும் துண்டும் பவுனுடையவை. அவற்றை மட்டும் வெட்டி முயலின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பவுனின் உடம்பு முழுவதையும் மூடியிருந்தார்கள், வாலைத் தவிர. முயலின் முதுகுக்குப் பின்னால், சுருண்ட ஒரு சின்னக் கறுப்பு வால் அப்படியே நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

பொன்செல்வி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால், பன்னி வால் முளைத்த முயல் என்று குற்றாலமே சிரிக்கும். விஸ்வநாதனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். ஸ்ரீவித்யாவைப் பார்த்தும் சிரிக்க மாட்டார்கள். அந்த வாலைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

திரையில் அழிக்கிற கருவியை எடுத்தாள். பக்கத்துப் பாறையின் நிறத்தை எடுத்து வால்மேல் பூசினாள். தடம் தெரியாமல் வந்தது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம். உள்பக்கங்களிலும் வால் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அண்ணாச்சியிடம் சொல்லி, அச்சுக்குப் போகுமுன் பள்ளியிலிருந்து புத்தகப் பைலையும் வாங்கி, பக்கம் பக்கமாகத் தேடி, மிச்சமிருந்ததையெல்லாம் அழித்தாள். ஒரு பக்கத்தில் தண்ணீரில் விழுந்த நிழல் இன்னும் பன்றியாகவே இருந்தது. அதையும் கலைத்துப் பைலைத் திருப்பி அனுப்பினாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து ஸ்ரீவித்யாவுக்கு போன் செய்தாள்.

"டீச்சர், எம் பேர மட்டும் எடுத்துருங்க."

"அது எப்படி பொன்னு?" ஸ்ரீவித்யாவின் குரல் உயர்ந்தது. "பெரியப்பா மொதல்ல பேர் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான் சண்ட போட்டு வச்சிருக்கேன். எம் பேரும் ஒம் பேரும் ஒரே சைஸ்ல வரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்."

சரி டீச்சர் என்று பொன்செல்வி போனை வைத்தாள். அவளுக்காக அவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள்.

விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார், ஜாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டாள், போக வேண்டியதாயிற்று. மேடையில் அவளை உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். "பேதம் பாக்காம பழகணும்கிறத இந்தச் சின்னப் புத்தகம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுது" என்றார் விஸ்வநாதன். ஸ்ரீவித்யா தங்கள் இருவரின் நட்பைப் பற்றிப் பேசினாள். பேசும்போது குரல் தழுதழுத்தது. ஆசிரியைகள் கைதட்டினார்கள்.

பிறகு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். பூனை குடையோடு வந்தபோது கூடமே அதிர்ந்தது. யானையின் ஏணிக்கு ஒரு பையன் உருண்டு புரண்டு சிரித்தான். முயல் வந்தது. ஐந்து பேரும் அதை விரட்டினார்கள். கூடம் அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்.

"மிஸ், முயல ஏன் மிஸ் வேண்டாம்ங்காங்க?"

ஸ்ரீவித்யா பொன்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு நொடிதான். விஸ்வநாதன் மைக்கை வாங்கிக்கொண்டார். "அது வெளியூர் முயல்மா. புதுசா வந்திருக்குல்லா, அதான்." எல்லோரும் சிரித்தார்கள். சிறுமி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் முருகம்மாள் பொன்னாடையைத் தடவிப் பார்த்து மடித்து வைத்தாள். "பாத்தியா, எவ்வளவு மரியாதையா நடந்துட்டு. யாரும் ஒரு வார்த்த சொல்லலல்லா" என்றாள். ஜாய் மூலையில் உட்கார்ந்து புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பவுனு எங்கம்மா?"

"இதுல இல்லட்டி."

"எங்க போய்ட்டா?"

ஜாய் அட்டையிலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் விரல் வைத்துத் தேடினாள். பொன்செல்வி புத்தகத்தை வாங்கி அலமாரிக்கு மேல் போட்டாள். ஜாய் அழுதாள். அடிக்கக்கூடாத பிள்ளையை அன்றைக்கு அடித்தாள்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. வேறு பள்ளிகளும் வாங்கின. சீசன் முடிகிற சமயம் ஸ்ரீவித்யா சாரலில் நனைந்தபடி கடைக்கு வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடுத்த கதை எழுதிட்டேன் பொன்னு. பெரியப்பா இப்பவே ஓகே சொல்லிட்டாங்க. முழுக்க முயலுகதான். ஒரு முயல் ஊரு. ஒரு பிரச்சினையும் வராது. நீதான் போடணும், வேற யாரும் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எனக்கு முயல் வரைய வராது டீச்சர்."

"சும்மா இரு" என்று ஸ்ரீவித்யா சிரித்தாள். பிறகு பொன்செல்வி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள். "இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

"இல்ல டீச்சர். நெசமாவே வரல. இப்ப எதுவுமே வர மாட்டேங்குது. பென்சில எடுத்தா கை அப்படியே நிக்குது."

ஸ்ரீவித்யா ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றாள். மழை கொஞ்சம் விட்டதும், யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். நல்ல வாய்ப்பை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று அண்ணாச்சி கேட்டார். பொன்செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றும் செய்யவில்லை. சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசினார்கள். ஸ்ரீவித்யா ஜாயின் படிப்பை விசாரிப்பாள். நன்றாகப் படிக்கிறாள் என்பாள் பொன்செல்வி. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு இருவருக்கும் நேரமாகிவிடும்.